எண்ணெய் தேய்க்கவும் லைசென்ஸா?

மத்தியானம் சாப்பாட்டுக் கடை முடிந்து, பத்துப் பாத்திரம் ஒழித்துப் போட்டுவிட்டு, சற்றே கண்ணயரலாம் என்று பாயை விரித்தேன். வாசலில் "தங்கச்சி!" என்று குரல். என் இரண்டு பிள்ளைகளுக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய அக்கா! முகமே சரியில்லை.

வீடு வீடாகப் போக இப்போது முழங்கால் இடம் கொடுக்கவில்லையாம். ஒரு முன்னறையை வாடகைக்கு எடுத்து, பெண்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் மட்டும் எண்ணெய் தேய்த்துவிடலாம் என்று யோசனை. அட்வான்ஸ் வரை பேசியாகிவிட்டது. "என்ன தொழில்?" என்று வீட்டுக்காரர் கேட்க, அக்கா நாகரிகமாகச் சொல்வதாக நினைத்து, "மசாஜ் சென்டர்" என்றிருக்கிறார். அவ்வளவுதான்! "குடும்பம் இருக்கிற இடம்மா இது" என்று கதவைச் சாத்திவிட்டார்.

"முப்பது வருஷமா பச்சைப் பிள்ளையைத் தொட்ட கை, தங்கச்சி. அவர் பார்த்த பார்வை இருக்கே..." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் இவர் லீவு போட்டு, எங்கள் இருவரையும் மாநகராட்சி ஆபீசுக்கு அழைத்துப் போனார். (பிள்ளையின் ஸ்கூல் அட்மிஷனுக்குக்கூட லீவு போடாத மனுஷர்!)

அங்கே போனபிறகுதான் தெரிந்தது, வீட்டுக்காரர் பேச்சிலும் கொஞ்சம் நியாயம் உண்டு என்று. நம் சென்னையில் எந்த இடத்தில் எது நடக்கலாம் என்பதற்கு 2008-ல் வந்த இரண்டாவது மாஸ்டர் பிளான் இருக்கிறது. முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம் என்று சர்வே நம்பர் வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். இடம் எந்தப் பிரிவு என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்தால் பணம் போச்சு! அப்புறம் வாடகை ஒப்பந்தம், சொத்து வரி ரசீது, மாநகராட்சியின் தொழில் லைசென்ஸ். மசாஜ், ஸ்பா என்றால் போலீசின் தடையில்லாச் சான்றும் கேட்கிறார்கள்.

போலீஸ் என்றதும் அக்காவுக்குக் கை உதறல். அந்தப் பெயரில் சில இடங்களில் நடக்கும் அசிங்கத்தால் வந்த வினை. 2021 டிசம்பரில் சென்னை ஹைகோர்ட், ஸ்பாக்களில் காமிரா வைக்க வேண்டும் என்றது. அடுத்த மாதமே மதுரைக் கிளையில் இன்னொரு நீதிபதி, அப்படி வைப்பது மனிதரின் அந்தரங்க உரிமையைப் பாதிக்கும் என்றார். எனக்கு இரண்டாமவர் கட்சிதான். பிள்ளை பெற்று இருபது நாள் ஆனவள், காமிரா பார்க்க முதுகைக் காட்டி உட்காருவாளா, சொல்லுங்கள்!

தில்லியில் 2021-ல் போட்ட விதிகளில், அறைக்கு உள் தாழ்ப்பாள் கூடாது என்று இருந்தது. நல்லதுதான். ஆணுக்குப் பெண், பெண்ணுக்கு ஆண் தேய்க்கக் கூடாது என்றும் இருந்தது. அதை அந்த டிசம்பரிலேயே தில்லி ஹைகோர்ட் நிறுத்தி வைத்தது. தேய்ப்பவரிடம் பிசியோதெரபி, அக்குபிரஷர் மாதிரி ஏதாவது படித்த சான்றிதழும் வேண்டுமாம். எட்டாவதோடு நின்ற நம் அக்கா அங்கே தேறமாட்டார்!

ஆனால் ஒன்று. பிரசவமானவளுக்கு ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலைத் தேய்க்கவே கூடாது, உடனே டாக்டரிடம் போக வேண்டும். ஆபரேஷன் பிரசவமானால், டாக்டரைக் கேட்காமல் வயிற்றில் கை வைக்கக் கூடாது. குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது. இதெல்லாம் தெரியுமா என்று எங்களை அந்த ஆபீசில் ஒருவரும் கேட்கவில்லை! திரும்பும்போது பஸ்ஸில் நான்தான் கேட்டேன். மூக்கு எண்ணெயை விட்டுப் பல வருஷம் ஆச்சு என்றார் அக்கா. கால் வீக்கம் மட்டும் அவருக்குப் புதிது. இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

இப்போது மெயின் ரோட்டில் தையல் கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்திருக்கிறோம். இந்தத் தடவை இடம் எந்தப் பிரிவு என்று முதலில் பார்த்துக்கொண்டோம். போர்டில் என்ன எழுதலாம் என்று நேற்று ராத்திரி எங்கள் வீட்டில் பெரிய மகாநாடே நடந்தது. "தாய் சேய் எண்ணெய்க் குளியல், பெண்களுக்கு மட்டும்" என்று முடிவாயிற்று. பெயிண்டருக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை. "லைசென்ஸ் கைக்கு வரட்டும், தங்கச்சி" என்கிறார் அக்கா.