கடவுள் பெயர் இல்லாத முதல் பிரிவு

எல்லா மதங்களும் ஒன்றையேதான் சொல்கின்றன என்று மத நல்லிணக்க மேடைகளில் தவறாமல் பேசப்படுகிறது. நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் உண்மை அல்ல. உலகைப் படைத்தவர் உண்டா, மறுபிறவி உண்டா என்று கேட்டால் சமணமும் இஸ்லாமும் ஒரே பதிலைத் தராது. பௌத்தமும் கிறிஸ்தவமும் தராது. இந்த வேறுபாட்டை மழுப்பினால், தன் மதத்தை ஊன்றிப் பின்பற்றுபவர்தான் முதலில் எழுந்து போவார். அவர் இல்லாமல் நல்லிணக்கம் பேசி என்ன பயன்? மதங்களுக்குப் பொதுவான அறத்தை அவை சொல்லும் காரணங்களில் தேடக் கூடாது. மனிதருக்கு எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதில் தேட வேண்டும்.

இந்த வழியில் ஒருமுறை உலகமே போய்ப் பார்த்திருக்கிறது. 1948-இல் பாரிசில் ஐ.நா. குழு மனித உரிமைப் பிரகடனத்தின் வரைவைப் பிரிவு பிரிவாக விவாதித்தது. மனிதர் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர் என்று முதல் பிரிவில் சேர்க்கும்படி பிரேசில் கேட்டது. சீனப் பிரதிநிதி பி.சி. சாங் ஒப்பவில்லை. மனித குலத்தில் ஒரு பெரிய பங்கான தம் மக்களுக்குக் கிறிஸ்தவ மேற்குலகின் மரபிலிருந்து வேறுபட்ட மரபு உண்டு; அதைச் சேர்க்கும்படி தாம் கேட்கவில்லை; மற்றவர்களும் அதே பண்பைக் காட்ட வேண்டும் என்றார். பிரேசில் தன் திருத்தத்தைத் திரும்பப் பெற்றது. வரைவில் ஏற்கெனவே இருந்த ‘இயற்கையால்’ என்பதும் நீக்கப்பட்டது. மனிதர் அனைவரும் சுதந்திரமாக, சமமாகப் பிறக்கிறார்கள் என்ற கருத்து நின்றது. அந்த வாசகம் ஆண்களை மட்டும் குறிப்பதாகிவிடாமல் காத்ததில் இந்தியாவின் ஹன்சா மேத்தாவுக்குப் பங்கு உண்டு. டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச் சபை வாக்கெடுப்பில் பிரகடனத்தை 48 நாடுகள் ஆதரித்தன. 8 நாடுகள் ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை.

ஒதுங்கி நின்ற அந்த எட்டில் சவூதி அரேபியாவும் ஒன்று, மதம் மாறும் உரிமையை அது ஏற்கவில்லை, ஆகவே ஒற்றுமை என்பது பொய் என்று வாதிடலாம். ஆனால் அதே உரிமையைக் குர்ஆனை ஆதாரமாகக் காட்டி ஆதரித்தவர் பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர் ஜபருல்லா கான். ஆக, கருத்து மோதல் இரண்டு மதங்களுக்கு இடையில் மட்டுமல்ல, ஒரு மதத்துக்கு உள்ளேயும் நடந்தது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பல அன்று அடிமைப்பட்டுக் கிடந்து அந்த அவையில் இடம் பெறவில்லை என்பது நியாயமான குறைதான். அடித்தளக் காரணத்தை விட்டுவிட்டால் அறம் நீர்த்துப்போகும் என்ற வாதத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பிரகடனத்தின் 4-ஆவது பிரிவு அடிமை முறையைத் தடை செய்கிறது. அடிமை முறையைப் பொறுத்துக்கொண்ட பழைய வரலாறு பெரிய மதங்கள் பலவற்றுக்கும் உண்டு. இன்று பொறுப்புள்ள எந்த மதத் தலைவரும் அதை நியாயப்படுத்துவதில்லை. அவரவர் தம் மறையிலிருந்தே அதை மறுப்பதற்கான காரணத்தை எடுத்துக்கொண்டார்கள். காரணம் எங்கும் போய்விடவில்லை, அவரவர் வீட்டில் பத்திரமாக இருக்கிறது.

காரணத்தை அவரவரிடம் விட்டுவிட்டுச் செயலில் உடன்படுவதைத் தமிழ்நாட்டில் செய்துபார்க்க இடம் தேடி அலைய வேண்டாம். சாதிக்கொரு சுடுகாடு இந்துக்களிடம் உண்டு. சாதி பார்த்துப் பிரித்த கல்லறைத் தோட்டம் கிறிஸ்தவர்களிடமும் உண்டு. இறந்தவரின் ஆன்மா எங்கே போகிறது என்பதில் இரு தரப்பும் உடன்படப் போவதில்லை, உடன்படத் தேவையும் இல்லை. இறந்த உடலைச் சாதி பார்த்து ஒதுக்குவது குற்றம் என்பதில் உடன்பட முடியும். பூசாரியும் பங்குத்தந்தையும் இமாமும் அடுத்த முறை ஒரே மேடையில் அமரும்போது, இந்த ஊரில் சுடுகாட்டையும் கல்லறைத் தோட்டத்தையும் எப்போது பொதுவாக்கப் போகிறீர்கள் என்று கூட்டத்தில் இருக்கும் நாம் எழுந்து கேட்க வேண்டும்.