டிக்கெட் இருக்கிறது, இடம் எங்கே?

கோயில் திருவிழாவில் பாட்டுக் கச்சேரி கேட்க டிக்கெட் கிடையாது. குன்றத்தூரிலும் அப்படித்தான், தாம்பரத்திலும் அப்படித்தான். பாயை விரித்தால் அதுதான் இடம். கூட்டம் அதிகமானால் பின்னால் நின்று கேட்கலாம். யாருக்கும் நஷ்டம் இல்லை.

காசு வாங்கிக்கொண்டு நடத்தும் கச்சேரி வேறு. அங்கே டிக்கெட் என்பது ஒரு வாக்குறுதி. "உனக்கு இடம் உண்டு, நீ பத்திரமாகப் போய் வரலாம்" என்பதே அதன் பொருள். அந்த வாக்குறுதி காப்பாற்றப்படுகிறதா? பார்ப்போம்.

4 மாணவர்கள்

இங்கிலாந்து நாட்டின் "கோல்டுபிளே" பாட்டுக்குழு உலகப் புகழ் பெற்றது. லண்டனில் ஒரே கல்லூரியில் படித்த 4 மாணவர்கள் சேர்ந்து அமைத்த குழு அது. கிறிஸ் மார்ட்டின் பாடுகிறார். ஜானி பக்லண்டு, கை பெரிமன் இருவரும் கித்தார் வாசிக்கிறார்கள். வில் சாம்பியன் டிரம் அடிக்கிறார். 2000-ம் ஆண்டில் இவர்களுடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 25 ஆண்டுகள் ஆன பிறகும் அதே 4 பேர்தான் மேடை ஏறுகிறார்கள்.

இவர்களுடைய கச்சேரியில் ஒரு புதுமை உண்டு. வருகிறவர்களின் கையில் விளக்கு வைத்த பட்டை ஒன்றைக் கட்டுகிறார்கள். பாட்டுக்குத் தகுந்தபடி ஆயிரக்கணக்கான கைகளில் ஒரே நேரத்தில் நிறம் மாறும். மைதானமே மின்னும்! கச்சேரி முடிந்ததும் பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ரசிகர்கள் சைக்கிள் மிதித்து மின்சாரம் உண்டாக்கவும் வசதி செய்திருக்கிறார்கள்.

லட்ச ரூபாய் டிக்கெட்

இந்தக் குழு 2016-ம் ஆண்டு மும்பைக்கு வந்து பாடியது. மறுபடியும் 2025 ஜனவரியில் வந்தது. நவி மும்பையில் 3 நாள், அகமதாபாத்தில் 2 நாள் கச்சேரி நடந்தது. அகமதாபாத் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பேர் கூடினார்கள். மும்பையில் இருந்து அங்கே போக ரெயில்வே தனி ரெயில் விட்டது.

ஆனால் 2024 செப்டம்பரில் டிக்கெட் விற்ற அன்று நடந்தது என்ன? சற்று நேரத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது. சில ஆயிரம் ரூபாய் டிக்கெட்டுக்குக் கள்ளச் சந்தையில் லட்சக்கணக்கில் விலை சொன்னார்கள். மும்பை போலீசார் விசாரணை நடத்தினார்கள். விவகாரம் ஐகோர்ட்டுக்கும் போனது. "இதற்கு விதி வகுப்பது அரசின் வேலை" என்று கோர்ட்டு கூறிவிட்டது.

பனையூரில் நடந்தது

டிக்கெட் கிடைக்காதது ஒரு வருத்தம். டிக்கெட் இருந்தும் உள்ளே போக முடியாதது அதைவிடப் பெரிய வருத்தம். அது நம் பக்கத்திலேயே நடந்தது.

2023 ஆகஸ்டில் நடக்க வேண்டிய ஏ.ஆர்.ரகுமான் கச்சேரி மழையால் தள்ளிப்போனது. செப்டம்பர் 10-ந்தேதி கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பனையூரில் நடந்தது. சாலை முழுவதும் கார்கள் நின்றன. டிக்கெட் வைத்திருந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள். பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் சிக்கித் தவித்தார்கள். அளவுக்கு மேல் டிக்கெட் விற்றதாகப் புகார் எழுந்தது. தாம்பரம் போலீசார் விசாரித்தார்கள். நடத்தியவர்கள் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள். உள்ளே போக முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி ரகுமான் கேட்டுக்கொண்டார்.

அன்று உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அப்படியே எப்போதும் நடக்கும் என்று இருந்துவிட முடியுமா?

11 பேர் பலி

1979 டிசம்பர் 3-ந்தேதி அமெரிக்காவில் சின்சினாட்டி நகரில் "தி ஹூ" என்ற இங்கிலாந்துக் குழுவின் கச்சேரி நடந்தது. பெரும்பாலான டிக்கெட்டுகளில் இருக்கை எண் இல்லை. முந்தி வந்தவருக்கு முன் இடம். குளிரில் பல மணி நேரம் காத்திருந்த கூட்டத்துக்குச் சில கதவுகளையே திறந்தார்கள். கூட்டம் முண்டியடித்தது. 11 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். உள்ளே பாடிய குழுவுக்குக் கச்சேரி முடிந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது!

இருக்கை எண் இல்லாத டிக்கெட்டுக்கு அந்த நகரம் தடை போட்டது. கூட்டத்தைக் கொன்றது பாட்டு அல்ல. திறக்காத கதவும் எண் இல்லாத டிக்கெட்டும்தான்.

என்ன செய்ய வேண்டும்?

2025 பிப்ரவரியில் சென்னை நந்தனத்தில் இங்கிலாந்துப் பாடகர் எட் ஷீரன் பாடினார். இப்படிப்பட்ட கச்சேரிகள் இன்னும் வரும். வரட்டும், நல்லதுதான்.

ஆனால் இடம் எவ்வளவோ அவ்வளவுதான் டிக்கெட் விற்க வேண்டும். எண்ணிக்கையை முன்கூட்டியே போலீசாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். கள்ள விலைக்கு விற்றால் தண்டனை என்று சட்டம் வரவேண்டும். குழந்தைகளோடு வருகிறவர்களுக்குத் தனி வழி வேண்டும்.

நாமும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிக்கெட் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். இருக்கை எண் இருக்கிறதா, எந்த வாசல் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். பாட்டை வீட்டில் இருந்தும் கேட்கலாம்.