குளத்து வேலைக்கு டெண்டர் விட்டாச்சா? செல்போனிலேயே பார்க்கலாம்

மழைக்கு முன் மடையைச் சரி செய்துவிடுவார்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகள் காத்திருப்பதும், டெண்டர் விட்டாச்சா, எவ்வளவு தொகை, யார் எடுத்தது என்று கேட்டு அலுவலகம் அலுவலகமாக நடப்பதும் திண்டுக்கல் பக்கம் புதிதல்ல. இந்தக் கேள்விகளுக்கான பதில் பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கும் செல்போனிலேயே கிடைக்கும். 'டிஎன்டெண்டர்ஸ்' என்பது தமிழக அரசின் மின் கொள்முதல் இணையதளம். தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய மென்பொருளில் இது இயங்குகிறது. இது ஒப்பந்தக்காரர்கள் சமாச்சாரம் என்று விவசாயிகள் ஒதுங்கிவிடுகிறார்கள். டெண்டர் போடத்தான் பதிவு வேண்டும். தேடிப் பார்க்கப் பதிவும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். திரையில் கோணலாகத் தெரியும் எழுத்துகளைத் தட்டிக் கொடுத்தால் போதும்.

துறை வாரியாகத் தேடலாம், ஊர் வாரியாகத் தேடலாம், முடியும் தேதியை வைத்தும் தேடலாம். பரப்பலாறு, மருதாநதி, குடகனாறு என்று அணை அல்லது ஆற்றின் பெயரைக் கொடுத்துப் பார்க்கலாம். வேலை கிடைத்ததும் முன்பக்கத்தில் இருக்கும் சுருக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். கீழே அளவுப் பட்டியல் ஒரு கோப்பாக இணைக்கப்பட்டிருக்கும். விவசாயிக்கு முக்கியமானது அதுதான். கரை எத்தனை மீட்டர் நீளத்துக்குப் பலப்படுத்தப்படும், எத்தனை கன மீட்டர் மண், எத்தனை மடை, கலிங்கு புதிதாகக் கட்டுவதா அல்லது பூச்சு மட்டுமா, கான்கிரீட் கனம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் வரும். வரத்து வாய்க்கால் தூர்வாருதல் அதில் இல்லையென்றால், கரையை எவ்வளவு உயர்த்தினாலும் குளம் நிறையாது என்பது உங்களுக்குத் தெரியும்; மதிப்பீடு போட்டவருக்குத் தெரியாமல் போயிருக்கலாம். வேலை தொடங்கும் முன்பே அதைச் சொல்வதற்கு வாய்ப்பு இருக்கிறது.

2017-ல் தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்தில் ஆயக்கட்டுதாரர்களே வேலையை எடுத்துச் செய்தார்கள். டெண்டர் வேலையில் அந்த இடம் உங்களுக்கு இல்லை. ஆனால் அளவுப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு கரையில் நிற்பதை யாரும் தடுக்க முடியாது. மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில், 'எங்கள் குளத்தைக் கவனியுங்கள்' என்று கொடுக்கும் மனுவையும், டெண்டர் எண்ணைக் குறிப்பிட்டு 'மூன்று மடை என்று போட்டிருக்கிறது, இரண்டில்தான் வேலை நடந்தது' என்று கொடுக்கும் மனுவையும் அதிகாரிகள் ஒரே மாதிரி ஓரம் வைக்க முடியாது.

தேடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தளம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயர்களை ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறது. ஒட்டன்சத்திரத்தை ஒருவர் 'டாக்டர்' என்பதன் முதல் எழுத்தை இரண்டு முறை போட்டு எழுதுவார், இன்னொருவர் 'டிராக்டர்' என்பதன் முதல் எழுத்தை இரண்டு முறை போடுவார். நம் ஆத்தூரைத் தேடினால் சேலம் மாவட்டத்து ஆத்தூர் வந்து நிற்கும். அஞ்சல் குறியீட்டை வைத்துத் தேடினால் இந்தத் தொல்லை குறையும்: ஒட்டன்சத்திரத்துக்கு 624619, பழனிக்கு 624601. ஊராட்சி அளவில் நடக்கும் மீன் குத்தகை, புளியமர மகசூல் ஏலம் போன்றவை பலவும் இதில் வராது. அவற்றுக்கு அலுவலக அறிவிப்புப் பலகையையும் மாவட்ட இணையதளத்தின் அறிவிப்புப் பகுதியையும்தான் பார்க்க வேண்டும்.

இனி விற்பனைக்கு வருவோம். விடுதிகள், மருத்துவமனைகள், கோயில்கள் எல்லாம் காய்கறியும் பழமும் மளிகையும் வாங்குகின்றன. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பழனி பஞ்சாமிர்தத்துக்கு மலை வாழைப்பழமும் நாட்டுச் சர்க்கரையும் தொடர்ந்து தேவை. அந்தச் சர்க்கரையை ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூட ஏலத்தில் தேவஸ்தானம் நேரடியாக வாங்குவது கரும்பு விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். அரசு அலுவலகங்கள் பொருள் வாங்குவதற்கு 2016-ல் மத்திய அரசு தொடங்கிய 'ஜெம்' சந்தையிலும், திறந்திருக்கும் கொள்முதல் அறிவிப்புகளை உள்ளே நுழையாமலேயே பார்க்கலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் அதில் விற்பனையாளராகப் பதிவும் செய்யலாம்.

ஆனால் அவசரப்பட்டு விலை எழுதிவிட வேண்டாம். ஆண்டு முழுவதும் ஒரே விலைக்குக் காய்கறி கொடுக்கும் ஒப்பந்தம் சின்ன வெங்காயம் விளையும் ஊருக்குப் பொருந்தாத ஒன்று. விலை ஏறும் மாதத்தில் வெளிச்சந்தையில் வாங்கி நஷ்டத்துக்குக் கொடுக்க வேண்டிவரும். கொடுக்காவிட்டால் வைப்புத்தொகை போகும், அடுத்த டெண்டருக்கு வரவும் தடை விழலாம். சந்தை விலையை ஒட்டி விலை மாறும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூன்றாண்டு விற்றுமுதல் கேட்டிருக்கிறதா, முன் அனுபவம் கேட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். மின்னணு முறையில் விலை போடுவதற்கு மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். முதல் ஆண்டில் விலை எழுதாமல், யார் என்ன விலைக்கு எடுத்தார் என்பதை முடிவுகள் பகுதியில் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தாலே ஒரு நிறுவனத்துக்கு அது பெரிய பாடம்.

டெண்டர் பட்டியல் எடுத்துத் தருகிறோம் என்று சந்தா கேட்டு வருபவர்கள் உண்டு. அவர்கள் தருவதில் பெரும்பகுதி அரசு தளங்களில் இலவசமாகக் கிடைப்பதுதான்.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ல் வந்தது. அதன் விதிகளின்படி, 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குச் சாதாரணமாகக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். முன்வைப்புத் தொகை ஒரு சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. 15 நாள்தான் என்றால் மாதம் ஒருமுறை பார்ப்பதில் பயனில்லை. வாரம் ஒருநாள் அரைமணி நேரம் ஒதுக்க வேண்டும். இதை ஒவ்வொரு விவசாயியும் செய்ய வேண்டியதில்லை. உற்பத்தியாளர் நிறுவனத்தின் தலைமை அலுவலர் செய்யட்டும். களப்பணிக்கு வரும் உதவி வேளாண்மை அலுவலர்களும் உதவி தோட்டக்கலை அலுவலர்களும் தங்கள் வட்டாரத்து அறிவிப்புகளை வாட்ஸ்அப் குழுவில் தமிழில் இரண்டு வரி எழுதிப் போடட்டும். மருந்துக் கடை விளம்பரங்களும் காலை வணக்கமும் நிறைந்த குழுக்களில் இதற்கு இடமில்லாமல் போகாது.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் ஆங்கிலத்தில் தேடிக்கொள்வார்; குளத்தை நம்பி நெல் நடுபவருக்குத் தமிழில் தேடும் வசதி வேண்டும். 2018 முதல் நடைமுறையில் இருக்கும் உழவன் செயலியில் விவசாயி தன் வட்டாரத்தையும் ஊரையும் பதிந்துதான் வைத்திருக்கிறார். அந்த ஊரின் நீர்நிலை வேலைக்கு டெண்டர் வந்தால் அதே செயலியில் அறிவிப்பும் அளவுப் பட்டியலும் அவருக்கு வரும்படி செய்ய வேண்டும். அடுத்த குறைதீர் கூட்டத்தில் கேட்க வேண்டியவற்றில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.