வலிப்பே வராத பிள்ளைக்கு வலிப்பு மருந்து எதற்கு?

பேச்சு தாமதம், துறுதுறுப்பு, தலைவலி என்று எதற்கோ அழைத்துப்போன பிள்ளைக்கு இ.இ.ஜி. எனும் மூளை மின்னலைப் பதிவு எடுக்கிறார்கள். தாளில் கூர்முனை அலைகள் தெரிகின்றன. ஒருமுறைகூட வலிப்பு வந்திராத அந்தப் பிள்ளை வலிப்பு மருந்தோடு வீடு திரும்புகிறது. இந்த அவசரம் எனக்கு ஏற்புடையதல்ல. இத்தாலியில் கவாசுட்டியும் சக மருத்துவர்களும் 6 முதல் 13 வயது வரையிலான, வலிப்பே இல்லாத 3,726 பிள்ளைகளைச் சோதித்து 1980-இல் ஆய்வு வெளியிட்டார்கள். 131 பேருக்கு இத்தகைய அலைகள் இருந்தன. பல ஆண்டுகள் கவனித்தபோது அவர்களில் மிகச் சிலருக்கே வலிப்பு வந்தது. பெரும்பாலோருக்கு வளரிளம் பருவத்தில் அலைகள் தாமாகவே மறைந்துவிட்டன. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இவை இன்னும் அதிகம். அலையை அடக்கினால் பேச்சு வந்துவிடும் என்று பெற்றோரை நம்பவைக்கிறார்கள், பாவம். அதற்கு உறுதியான சான்று இல்லை. வலிப்பு மருந்தான சோடியம் வால்ப்ரோயேட்டோ தூக்கக் கலக்கம் தரும், எடையைக் கூட்டும், அரிதாக ஈரலையும் கெடுக்கும். ஆனால் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை இழந்தால், நாம் சொல்வது புரியாமல் விழித்தால், ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. 1957-இல் லாண்டா, கிளெஃப்னர் என்ற ஆய்வாளர்கள் விவரித்த நோயாக அது இருக்கலாம். அந்த நோயுள்ள பிள்ளைகள் சிலருக்கு வலிப்பே வராது. தூக்கத்தில் எடுக்கும் இ.இ.ஜி.யில்தான் அது தெளிவாகத் தெரியும். மற்றப் பெற்றோரே, “என் பிள்ளைக்கு இந்த மருந்து ஏன்?” என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். ஏற்கெனவே கொடுத்துவருகிறீர்கள் என்றால் நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். அதுவே வலிப்பைத் தூண்டக்கூடும்.