பேரைச் சொல்லிட்டுப் பேசுங்க

நேற்று ராத்திரி பதினொன்றே காலுக்கு மறுபடியும் வந்தது. எடுக்கவில்லை. நின்றது, மறுபடி அடித்தது. மூன்றாம் தடவை எடுத்துவிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவளுக்கு அகால வேளையில் போன் அடித்தால், யாரோ ஒரு பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நெஞ்சு அடித்துக்கொள்ளும். "என்ன டீச்சர், இன்னும் தூங்கலீங்களா?" என்றது குரல். 'ங்க' போட்டுத்தான் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

ஏழு மாதமாக இப்படி. ஒரு சிறு பத்திரிகையில் நாலு பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினேன், அதுதான் காரணம். தறிப்பட்டறையில் முன்பணம் வாங்கிய குடும்பங்களைப் பற்றியது. திருச்செங்கோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லுகிற சங்கதிதான். கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ பட்டறைக்காரரிடம் ஒரு தொகை வாங்குவார்கள். அது அடையும் வரைக்கும் வேறு பட்டறைக்குப் போக முடியாது. வாரக்கூலியில் பிடித்தம் போகும். நடுவில் ஒரு காய்ச்சல், ஒரு சீர், மறுபடியும் வாங்குவார்கள், கணக்கு ஏறும். அப்பனும் ஆத்தாளும் மாறி மாறி ஷிப்டு ஓட்டியும் அடையாதபோது பிள்ளையின் படிப்பு எட்டாவதோடோ ஒன்பதாவதோடோ நிற்கும். வருஷா வருஷம் ஆடி கழிந்ததும் என் வகுப்பில் காலியான பெஞ்சுகளை எண்ணியவள் நான். எந்தப் பட்டறைக்காரர் பெயரையும் எழுதவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் நாலு தறி ஓடியது, என் மாமனாரும் முன்பணம் கொடுத்தவர்தான் என்பதை மட்டும் எழுதியிருந்தேன்.

அந்த வாரமே முதல் அழைப்பு. "உம்பட வேலையப் பாத்துட்டு இருக்கமாட்டியா?" என்று ஒருவன். அடுத்த நாள் இன்னொருவன், அல்லது அவனே குரலை மாற்றிக்கொண்டு. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன். அவன் விடாமல் கேட்டது வேறு. "இதையெல்லாம் உனக்கு யாரு சொன்னா? பேரைச் சொல்லு."

எனக்கு இதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது. தன் பெயரைச் சொல்லத் துணியாதவன் என்னிடம் பெயர் கேட்கிறான்! என்னிடம் மனசு விட்டுப் பேசியவர்கள் இரண்டு அம்மாக்கள். "டீச்சர், எங்க பேரு வேண்டாங்க, வார வேலை போயிரும்" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். அவர்கள் பெயரை மறைத்தது பயந்து. சோற்றுக்குப் பயந்து, குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் பயந்து. இவன் பெயரை மறைப்பது பயமுறுத்த. இரண்டையும் ஒரே தராசில் வைத்து, 'பெயர் போடாதது எல்லாம் ஒன்றுதானே' என்று யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

போன் போதாது என்று வீட்டுக்கும் வந்தார்கள். மத்தியானம் ரெண்டு மணி, வீட்டில் நான் மட்டும். பைக்கில் இரண்டு பையன்கள், முகத்தில் கர்ச்சீப். "டீச்சர் வீடு இதானுங்களே?" ஆமாம் என்றேன். திண்ணை, ஜன்னல், பேத்தியின் சைக்கிள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். "சும்மா, பாத்துட்டுப் போலாம்னு" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்கள். தண்ணீர் வேணுமா என்று கேட்க வாயெடுத்தேன். வாசலுக்கு வந்தவரை அப்படிக் கேட்டுத்தான் பழக்கம். அந்த வாக்கியம் அன்றைக்குத் தொண்டையிலேயே நின்றுவிட்டது. பேத்தியின் சைக்கிள் அன்றிலிருந்து வீட்டுக்குள்ளே நிற்கிறது.

மொட்டைக் கடுதாசி எனக்குப் புதுசில்லை. எங்கள் அப்பா காலத்தில் இன்லண்ட் லெட்டரில் வரும். எழுத்துத் தெரியக்கூடாது என்று இடது கையால் எழுதியிருப்பார்கள். சிலது உறையில், தபால்தலை ஒட்டாமல் வரும். வாங்குகிறவர் இரட்டைக் கட்டணம் கொடுத்து அந்த வசவை வாங்க வேண்டும். பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போய், நிச்சயம் நின்றுபோன கதை எங்கள் தெருவிலேயே இரண்டு உண்டு. அதில் ஒரு அக்கா கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அரசு வேலையில் இருப்பவர்களுக்கு மொட்டைப் பெட்டிசன் என்று ஒன்று. யாரோ எழுதிப் போட்டதற்கு மனுஷன் வருஷக்கணக்கில் விளக்கம் எழுதிக்கொண்டிருப்பார். 1999இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம், பெயரில்லாத புகார்கள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றே உத்தரவு போட்டது, அவ்வளவு பேர் அதில் அடிபட்டிருந்தார்கள். ஆனாலும் அந்தக் கடுதாசிக்கு ஒரு அளவு இருந்தது. எழுத வேண்டும், ஒட்ட வேண்டும், பெட்டி வரைக்கும் நடக்க வேண்டும். அதற்குள் சிலருக்காவது கோபம் தணிந்திருக்கும். போனுக்கு அந்த நடை கிடையாது. படுத்துக்கொண்டே ஒரு வீட்டின் தூக்கத்தைக் கெடுக்கலாம்.

இந்தத் திருச்செங்கோட்டில் இதைப் பேசினால் 2014ஐத் தாண்டிப் போக முடியாது. எழுத்தாளர் பெருமாள்முருகன் எங்கள் பக்கத்துக்காரர், நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய மாதொருபாகன் நாவல் 2010இல் வந்தது. காளி, பொன்னா என்று பிள்ளையில்லாத புருஷன் பெண்டாட்டி, எங்கள் மலை, வைகாசித் தேர்நோம்பி, ஊர் வாயில் விழுந்து அவர்கள் படும் பாடு. நாலு வருஷம் இங்கே ஒரு சத்தமும் இல்லை. 2014 டிசம்பரில் திடீரென்று சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊருக்குள் கொடுத்தார்கள். புத்தகத்தைக் கொளுத்தினார்கள். ஜனவரி 9 அன்று கடையடைப்பு. நானும் அன்றைக்குப் பால் வாங்க அலைந்தேன்.

கடையடைத்தவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் வீதியில் நின்றவர்களுக்கு முகம் இருந்தது. எதிரே போய், நீங்கள் முழுசாகப் படித்தீர்களா என்று கேட்கலாம், சண்டைகூடப் போடலாம். இரவும் பகலும் அவருடைய போனுக்கு வந்த குரல்களிடம் யார் போய்க் கேட்பது? ஜனவரி 12ஆம் தேதி நாமக்கல் கலெக்டர் ஆபீசில் சமாதானப் பேச்சு என்று உட்கார வைத்து, அவரிடம் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஓரிரு நாளில், பொங்கலுக்கு முன்னால், தனக்குள் இருந்த எழுத்தாளன் செத்துப்போனான் என்று அவரே அறிவித்தார். அந்தக் கடிதத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர். போனில் மிரட்டியவன் எந்தத் தாளில் தன் பெயரை எழுதினான்? புத்தகத்தின் அட்டையிலேயே பெயர் போட்டுக்கொண்டவர் ஊரைவிட்டுச் சென்னைக்குப் போனார். பெயர் போடாதவன் இங்கேயே டீ குடித்துக்கொண்டிருந்தான்.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில், தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும், அந்தச் சமாதான ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி, அவர் திரும்ப எழுத வரட்டும் என்று தீர்ப்புக் கொடுத்தார்கள். வந்தார், எழுதினார். கோழையின் பாடல்கள், பூனாச்சி எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. எல்லாம் சரியாகிப்போச்சே என்கிறார்கள். ஒன்றரை வருஷம் ஒரு மனிதர் எதையும் வெளியிட முடியாமல் இருந்த அந்த நாட்களை யார் கொண்டுவந்து கொடுப்பார்கள்?

நான் அவரளவுக்கு எழுதுகிறவள் இல்லை. நாலு பக்கம். ஆனால் அந்த ஜனவரியில் அந்த வீட்டுப் போன் எப்படி அடித்திருக்கும் என்பது எனக்கு இப்போது காதில் கேட்கிறது.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போனேன். "நம்பரை பிளாக் பண்ணிருங்கம்மா" என்றார்கள். பதினோரு நம்பர் பிளாக் செய்திருக்கிறேன், பன்னிரண்டாவதிலிருந்து வருகிறான். "வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கும்மா இந்த எழுத்து?" என்று பரிவாகத்தான் கேட்டார்கள். பரிவாகக் கேட்டதுதான் வலித்தது. சட்டம் இல்லாமல் இல்லை. தன்னை மறைத்துக்கொண்டு ஒருவரை மிரட்டினால், மிரட்டலுக்கான தண்டனைக்கு மேலே இன்னும் இரண்டு வருஷம் வரை உண்டு என்று இந்திய தண்டனைச் சட்டத்தில் 507 என்று தனிப் பிரிவே இருந்தது. அந்தச் சட்டம் 1860இல் எழுதியது. போன் என்ற ஒன்றே வராத காலம்! மறைந்து நின்று மிரட்டுவது நேரில் மிரட்டுவதைவிடக் கேவலம் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் 351ஆம் பிரிவுக்குள் அதை வைத்திருக்கிறார்கள். மகன் கைபேசியில் காட்டினான், எழுதி எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரசீது கேட்டு வாங்கினேன். அதற்குமேல் ஒன்றும் நகரவில்லை.

நான் எழுதியது தப்பு என்றால் வாருங்கள். காலையில் பத்து மணிக்கு வாருங்கள், திண்ணையில் உட்காருங்கள். நூல் விலை இப்படி, கரண்ட் பில் இப்படி, முன்பணம் கொடுக்காவிட்டால் ஆள் வருவதில்லை, வாங்கியவன் சொல்லாமல் ஓடிப்போனால் என் பணம் போச்சு என்று சொல்லுங்கள். அதுவும் நிஜம்தான், என் மாமனார் அப்படி இழந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதையும் எழுதுகிறேன், உங்கள் பெயர் போட்டே எழுதுகிறேன். காபியும் தருகிறேன். இப்படிச் சொல்ல ஒருவராவது வந்திருந்தால் இந்த ஏழு மாதம் எனக்கு வேறு மாதிரி போயிருக்கும்.

சின்ன ஊர் இது. மலையடிவாரத்தில் நாலு ரத வீதியும் ஒரு பஸ் ஸ்டாண்டும். என்னைக் கூப்பிடுகிறவன் எங்கோ தூர தேசத்தில் இல்லை. 'டீச்சர்' என்று அழைக்கிறான், அதனால் என்னிடம் படித்தவனாகவே இருக்கலாம். அந்த எண்ணம் வந்த நாளிலிருந்து நான் கெட்டுப்போனேன். போர் போடும் ரிக் வண்டி வேலைக்குப் போகிற பையன் வணக்கம் வைத்தால் அவன் குரலை அளக்கிறேன். பேங்கில் கூட்டத்தில் நின்றால் பின்னால் பேசுகிறவரைத் திரும்பிப் பார்க்கிறேன். நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளின் குரல்களையே ஒவ்வொன்றாக எடுத்துச் சந்தேகப்படுகிறேன்.

கீரைக்காரத் தம்பி ஒருவர், இருபது வருஷப் பழக்கம். அவர் குரலில் ஒருநாள் அந்த இழுப்பு கேட்டாற்போல் இருந்தது. ஒரு மாதம் அவரிடம் வாங்கவில்லை, சந்தையில் அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒருநாள் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் போன் அடித்து, எடுத்தால் அதே வசவு. அவர் இல்லை. எதிரே நின்று முருங்கைக் கீரையை உருவிக் கட்டிக்கொண்டிருந்தார். "ஏனுங் டீச்சர், ஒரு மாசமா ஆளையே காணோம், மேலுக்குச் சொகமில்லீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, கொடுத்த சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.