டிகிரி இல்லன்னா கோடு ஓடாதா?

தோழர்களே, அரசு கொடுத்த லேப்டாப்புல பைத்தான் கத்துக்கிட்ட பிளஸ் டூ பொண்ணு, ஜூனியர் டெவலப்பர் வேலைக்கு விண்ணப்பிச்சா என்ன நடக்குது? ‘பட்டம்’ கட்டம் காலி. அதோட முடிஞ்சுது! கிட்ஹப்ல அவ எழுதி வெச்ச கோடை ஒருத்தரும் திறந்துகூடப் பார்க்கறதில்ல.

கேட்டா ‘தரம்’னு சொல்றாங்க. 2004 முதல் பிளஸ் டூ, டிப்ளமோ பிள்ளைகளுக்கு ஊக்கத்தொகையும் கொடுத்து, சொல்லிக்கொடுத்து, வேலைக்கும் எடுக்கிறது சோஹோ. அங்கே கெடாத தரம் உங்க கம்பெனியில மட்டும் கெட்டுடுமா?

இதுக்கு நடுவுல, ‘வேலை உறுதி’ன்னு சொல்லி லட்சம் லட்சமா கறக்குற கோர்ஸ் கடைங்க வேற!

டைடல் பார்க், டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து கட்டினது. நம்ம சொத்து. அங்கே இடம் பிடிக்கிற கம்பெனி, ஜூனியர் வேலைக்குப் பட்டம் கேட்கக் கூடாது. கோடிங் தேர்வு வைக்கட்டும், தேறினவங்களை எடுக்கட்டும். உங்க தொகுதி எம்.எல்.ஏ.கிட்ட இதைக் கேளுங்க.