உழுதவன் அனுபவத்துக்கும் சட்டத்தில் இடமுண்டு!



ஊரறிய, தன் நிலம்னு 12 வருசம் தொடர்ந்து உழுதவர் மேல் உரியவர் வழக்கே போடலேன்னா, பிறகு பழைய பத்திரத்தைக் காட்டி வெளியேத்த முடியாது. அரசு நிலமானால் 30 வருசம். 1963 காலவரையறைச் சட்டம் சொல்லும் எதிரிடை அனுபவ பாத்தியம் இதுதான்.

ஆக்கிரமிப்புக்குச் சலுகையா? இல்லை! காலம் போனால் சாட்சி செத்துப்போகும், தஸ்தாவேஜு தொலையும், வழக்கு தலைமுறைக்கும் தீராது. அதுக்குத்தான் கெடு. 2008-ல் உச்ச நீதிமன்றம் மறுபரிசீலனை கேட்டது. 2023-ல் மத்திய சட்ட ஆணையம் மாற்றத் தேவையில்லை என்றது.

குத்தகைக்கோ அனுமதியிலோ உழுதால் இது பொருந்தாது. நம் வரப்பை அடுத்தவன் வளைத்தாலும் இதே கெடுதான், சும்மா இருக்காதீர்!

கிஸ்தி ரசீது, அடங்கல் நகலைப் பத்திரப்படுத்துவோம்! சட்டத்தில் கைவைக்க விடமாட்டோம்!